சாமிக்கு எத்தனை வாட்ஸ்?

"என்னா வேலைக்கு?" என்று கேட்டார் தவுக்கே. ஈப்போவில் கார்களுக்கு ஸ்பீக்கர் பூட்டிக் கொடுக்கும் கடையின் முதலாளி அவர். சீனர். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்ததால் தமிழை நம்மைப் போலவே பேசுவார். திட்டும்போது நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

"சாமி வரணும் தவுக்கே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பல விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "எவ்வளவு தூரத்துல நிப்பாங்க?" என்று கேட்டார்.

"காடிக்குப் பின்னால ஒரு பத்தடி" என்றேன். எங்கள் பேச்சில் கார் என்றால் காடி.

"வெட்டவெளியா, கூரைக்குக் கீழயா?"

"வெட்டவெளி. செம்பனைக்கு நடுவுல."

"கஷ்டம் லா" என்றார்.

பக்கத்தில் என் மனைவி, இந்த இரண்டு ஆண்களுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல, காருக்குள் தொங்கவிடும் வாசனை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் என்னைப் பற்றித் தவறாக நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைப்பீர்கள்; ஆனால் விவரத்தோடு நினைப்பீர்கள்.

நான் பிறந்த ரப்பர்த் தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகவேண்டும். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. மாரியம்மன் கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆகவே ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவிலும் அக்கம்பக்கத்திலும் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் எல்லாரும் கார்களில் வந்து இறங்கி, திருவிழா நடத்தி, பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணி அடுக்கிவிட்டுத் திரும்பிப் போவோம்.

திருவிழாவில் கரகம் எடுப்பது என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துப்புரவு சூப்பர்வைசர். ஆறு பெண்கள், ஒரு சாவிக்கொத்து, நாற்பது அறைகள். மற்ற நாளெல்லாம் படுக்கை விரிப்பில் சுருக்கம் தேடுகிறவள், அந்த ஒரு நாள் மட்டும் கரகத்தோடு புறப்பட்டு, பழைய பால் ஸ்டோர் வளைவுக்கு வந்ததும் அருள் வந்து ஆடுவாள். அந்தக் காலத்தில் ரப்பர்ப் பாலை நிறுத்து வாங்கிய ஸ்டோர் அது. இப்போது கூரைகூட இல்லை. அம்மனுக்கு மட்டும் அந்த இடம்தான் வசதி. இருபது வருஷமாக அங்கேதான் இறங்கும். அக்காவின் வாயால் நாலு வார்த்தை சொல்லும். யார் வீட்டில் கல்யாணம் கூடும், யார் தன் மோட்டார் சைக்கிளை உடனே விற்றுவிட வேண்டும் என்பது மாதிரி. எல்லாரும் கேட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

அருள் வர உறுமி மேளம் வேண்டும். உறுமியைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அது காதில் கேட்பதில்லை, வயிற்றில் கேட்கும். எங்கள் தோட்டத்து உறுமிக் குழு வேலை தேடி ஆளுக்கொரு பக்கமாக ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. வெளியூர்க் குழுக்களுக்கோ ஆடி மாதத்து ஞாயிறுகளில் மூச்சு விட நேரமில்லை. அதனால் போன வருஷம் கோயில் கமிட்டி, பதிவு செய்த உறுமியைப் பென்டிரைவில் ஏற்றி, அம்மன் வரும் லாரியின் கூம்பு ஸ்பீக்கரில் போட்டது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசுவுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பால் ஸ்டோர் வளைவு வந்தது. அக்கா நின்றாள். கண்ணை மூடினாள். நாங்களும் நின்றோம். கொசு வெகுநேரம் கோபப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கண்ணைத் திறந்து, "போலாம்" என்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஜனம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது என்றால் அது ஆபத்து. ஒரு மாதத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. அம்மன் அவளை விட்டுப் போய்விட்டாள். மூட்டு வலி இருக்கிற உடம்பில் எப்படி இறங்குவாள்? இந்த வருஷத்துத் திருவிழாவுக்கான கமிட்டிக் கூட்டத்தில், இந்த முறையும் அருள் வரவில்லை என்றால் கரகத்தை வேறு யாருக்காவது கொடுத்துப் பார்க்கலாமே என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்க்காத செடியைப் பிடுங்கிப் பழகியவர்.

அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

அதைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். பொதுவாக நான் கூட்டங்களில் எழுவது சாப்பாட்டுக்கு.

"அக்கா மேல தப்பு இல்ல. ஸ்பீக்கர் மேலதான் தப்பு. அடிச் சத்தம் இல்லாம சாமி எப்பிடி எறங்கும்? இந்த வருஷம் சத்தம் என் பொறுப்பு. என் காடிய முன்னால விடுறேன். பாருங்க அப்புறம்!"

கை தட்டினார்கள். என் மனைவி தட்டவில்லை. எங்கள் காரின் நிலவரம் அவளுக்குத் தெரியும். நான்கு ஸ்பீக்கரில் ஒன்றுதான் பாடும். அதுவும் வலது கதவை ஓங்கிச் சாத்தினால்.

பிறகு இரண்டு மாதம் படித்தேன். நான் ஒரு வன்பொருள் கடையின் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். ஆணி எத்தனை, கீல் எத்தனை என்று எழுத வேண்டிய நேரத்தில் போனில் ஆம்ப்ளிஃபயர் வீடியோக்களாகப் பார்த்தேன். எதையும் வாங்காமலேயே நிபுணராகிவிட்டேன். ஓம்ஸ் என்றால் என்ன, மோனோ என்றால் என்ன என்று டீக்கடையில் விளக்கினேன். கேட்டவர்கள் வேறு டீக்கடைக்கு மாறினார்கள். மனைவி ஆயிரம் ரிங்கிட் ஒதுக்கினாள். வயர், கூலி எல்லாம் அதற்குள்தான். "அதுக்கு மேல ஒரு காசு போச்சுன்னா, சாமி அங்க வராது, நம்ம வீட்டுக்கே வந்துரும்" என்றாள்.

ஆகவே இப்போது தவுக்கே கடை.

நான் எதை எடுப்பது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அலமாரியின் நடுவில் இருந்தது. பெட்டியில் தீ எரிந்தது, அதாவது படம். ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் நீல விளக்கு. கொட்டை எழுத்தில் ஐயாயிரம் வாட்ஸ். விலை இருநூற்றைம்பது ரிங்கிட். இவ்வளவு மலிவாக ஐயாயிரம் வாட்ஸைக் கொடுக்கிறார்களே, இவர்களுக்குக் கட்டுப்படி ஆகுமா என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

"இதக் குடுங்க தவுக்கே."

"பெட்டியப் பாக்காத. இதப் பாரு." அவர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, பக்கவாட்டில் செருகியிருந்த சின்னப் பியூஸைக் காட்டினார். "இருபத்தஞ்சு ஆம்ஸ். காடி பேட்டரி பதிமூணு வோல்ட்டுன்னு வச்சுக்க. பெருக்கு."

நிபுணனாகிய நான் போனை எடுத்துப் பெருக்கினேன். "முந்நூத்தி இருவத்தஞ்சு."

"அவ்வளவுதான் உள்ளயே போவும். அதுலயும் கொஞ்சம் சூடாப் போயிரும். அப்புறம் ஐயாயிரம் எங்கேர்ந்து வரும்? உங்க வீட்டுலேர்ந்தா?"

வாசனை அட்டைகளின் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அவளும் தோட்டத்துப் பெண். சின்ன வயதில் தன் அம்மாவோடு பால் வாளி தூக்கியவள். "எடை கூடட்டும்னு பால்ல தண்ணி ஊத்திக் கொண்டாந்தா, பால நிறுக்கிற கிராணி கண்ணாடிக் குச்சிய மெதக்க விட்டுப் பாப்பாரே. அந்தக் குச்சிதானா தவுக்கே இந்தப் பியூஸு?"

தவுக்கேயின் முகம் மலர்ந்தது. "அதே லா, அக்கா! அதேதான்! எங்கப்பா கித்தா, அதான் ரப்பரு, வாங்கி வித்தவரு. இது ஒரு வாளி தண்ணியில ஒரு மங்கு பாலு."

இரண்டு மாதம் வீடியோ பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. நான் அந்தத் தீயை இன்னொரு முறை பார்த்தேன். நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேசை முனகியது. கறுப்பாக, விளக்கு எதுவும் இல்லாமல், செங்கல்லுக்குச் சட்டை போட்டதுபோல இருந்தது. பெட்டியில் படமே இல்லை. அறுநூறு வாட்ஸ் என்று சின்னதாக, கூச்சத்தோடு அச்சடித்திருந்தார்கள். பக்கவாட்டில் முப்பது ஆம்ஸ் பியூஸ் இரண்டு. நானூற்று எண்பது ரிங்கிட்.

"அறுநூறா?" என்றேன். ஊரில் ஐயாயிரம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"சுத்தமான அறுநூறு. தண்ணி இல்ல."

மனைவி வந்து ஒரு கையில் அதையும் மறு கையில் இதையும் தூக்கிப் பார்த்தாள். ஐயாயிரத்தை மறுபடி அலமாரியில் வைத்தாள். "இதப் பூட்டுங்க தவுக்கே" என்றாள்.

சப்வூஃபர் இரண்டு, பன்னிரண்டு அங்குலம், மரப்பெட்டியோடு பழையதாகக் கிடைத்தது. முன்பு வைத்திருந்தவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டையும் எப்படி இணைத்தால் எத்தனை ஓம்ஸ் வரும் என்று நான் தவுக்கேவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லாப் படிச்சிருக்க. போய் டீ குடிச்சிட்டு வா" என்றார்.

வேலை முடிந்ததும் காரில் உட்கார்ந்து உறுமியைப் போட்டேன். அடடா! மூக்குக் கண்ணாடி தானாக இறங்கி உதட்டில் வந்து நின்றது. சாமி வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஏதோ வந்துவிடும் போலிருந்தது. பெருமையோடு வெளியே எட்டிப் பார்த்தேன். மனைவி காருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி?"

"நம்பர் பிளேட்டு ஆடுற சத்தம் நல்லாக் கேக்குது."

உள்ளே இருக்கிறவனுக்குத்தான் உறுமி. வெளியே நிற்கிறவர்களுக்குத் தகரம். வீடியோக்களில் எல்லாரும் காருக்குள் உட்கார்ந்தே பேசியதால் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. தவுக்கே வந்து பின்பக்க மூடியை மேலே தூக்கிவிட்டார். "இப்பிடித் தொறந்து போட்டே ஓட்டு." எதிர்க் கடையில் மீ நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மனைவி தன் வயிற்றில் கையை வைத்தாள். "இப்பக் கேக்குது" என்றாள்.

திருவிழா அன்று மாலை நான்கு மணிக்கு ஊர்வலம். முதலில் என் கார், பின்பக்கம் வாயைத் திறந்தபடி. பத்தடி பின்னால் அக்கா. அவளுக்குப் பின்னால் பெண்கள். கடைசியில் அம்மன் லாரி. புறப்படும் முன் அக்கா மஞ்சள் புடவையோடு என் ஜன்னலுக்கு வந்தாள். கரகம் இன்னும் தலையில் ஏறவில்லை.

"தம்பி, சத்தம் கேக்குமாடா?"

"கேக்கும்க்கா. அறுநூறு வாட்ஸ். சுத்தமான அறுநூறு."

"போதுமா அது?"

அவள் அதைக் கேட்ட விதத்தில், அவள் வாட்ஸைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரிந்தது. கைப்பை இல்லாததால் புடவை முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். "போதும்னு தவுக்கே சொன்னாரு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

புறப்பட்டோம். முதல் கியர். பேட்டரி தாங்க வேண்டுமே என்று ஏர்கானை அணைத்திருந்தேன். ஒவ்வோர் அடிக்கும் டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. பின்மூடி தூக்கியிருந்ததால் கண்ணாடியில் அக்கா தெரியவில்லை. மூடியின் முதுகுதான் தெரிந்தது. ஆடுகிறாளா, சும்மா நடக்கிறாளா? தெரியவில்லை. தெரியாதபோது மனிதன் செய்யக்கூடியது ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டினேன். பதினைந்து. இருபது. பால் ஸ்டோர் வளைவின் உடைந்த சுவர் கண்ணில் பட்டதும் முப்பது. முப்பதுக்கு மேல் அந்த ரேடியோவில் எண் இல்லை.

பின்மூடி திறந்திருந்தாலும் சப்வூஃபர் பெட்டி என் இருக்கைக்குப் பின்னால்தானே இருக்கிறது. இருக்கை ஆடியது. நான் ஆடினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஆடுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. கன்னம் தனியாக, வயிறு தனியாக. வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கண்ணீராக வழிந்தது. விபூதித் தட்டோடு பக்கத்தில் நடந்து வந்த தலைவரிடம், "தலைவரே, அக்கா ஆடுறாங்களா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். "த-த-த-லை-லை" என்றுதான் வந்தது. பல் கிட்டியது.

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன.

"ஆத்தா எறங்கிட்டாய்யா! இவனுக்கு எறங்கிட்டா!"

நான் மறுத்துச் சொல்வதற்குள் நெற்றி முழுக்க விபூதி. வாயில் ஒரு முழு எலுமிச்சம்பழம். பெண்கள் குலவை இட்டார்கள். கார் நின்றது, கூட்டம் சூழ்ந்தது. ஓர் ஆள் ஜன்னலுக்குள் தலையை விட்டு என் காதில் கத்தினார்: "ஆத்தா, இந்த வருஷமாச்சும் எனக்கு பிரமோஷன் கெடைக்குமா?" எனக்குத் தலை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அப்போது கூட்டம் விலகியது. அக்கா, தலையில் கரகத்தோடு.

அந்த முகத்தை எனக்கு நாற்பத்தொன்பது வருஷமாகத் தெரியும். அப்படி நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் தன்னிடம் வந்த அம்மன், இப்போது காருக்குள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பியிடம் போய்விட்டது. அவள் உதடு அசைந்தது. சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து அவள் உதட்டில் அதிகம் பார்த்த வார்த்தை அதுதான்.

"எறங்கு."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இரண்டு காலும் செம்மண்ணில் பட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்த மாதிரி. விபூதியும் எலுமிச்சம்பழமுமாக அசையாமல் நின்றேன். கூட்டம் என்னைப் பார்த்தது. தலைவர் என் கால்களைப் பார்த்தார்.

அக்கா ஒரு கையால் கரகத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜன்னல் வழியே நீட்டி நான் உட்கார்ந்திருந்த இருக்கையில் வைத்தாள். கை ஆடியது. எடுத்தாள். நின்றது. மறுபடி வைத்தாள். ஆடியது.

"டேய்" என்றாள், பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "காடிக்குடா அருள் வந்துருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. முதலில் வாய் சிரித்தது, பிறகு தோள் சிரித்தது. நானும் எலுமிச்சம்பழத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தேன். தலைவர்கூடச் சிரித்தார். நாங்களெல்லாம் சிரித்து முடித்தோம். அக்கா முடிக்கவில்லை. தோள் குலுங்கியது, இடுப்பு குலுங்கியது, கரகம் தலையில் பிடியில்லாமல் நின்றது. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஓர் இடத்தில் அது அக்காவின் சிரிப்பாக இல்லாமல் போயிற்று. காலில் சலங்கை கட்டியதுபோல அவள் பால் ஸ்டோர் வளைவில் சுற்றினாள். பெண்கள் இட்ட குலவையில் என் அறுநூறு வாட்ஸ் கேட்கவே இல்லை.

தலைவரைப் பார்த்து அம்மன் ஏதோ சொன்னது. அது என்ன என்று அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கரகத்தை மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை. பிறகு அம்மன் என் பக்கம் திரும்பியது. கையைக் கூப்பினேன். இப்போது நான் ஆடியதற்குக் காரும் இருக்கையும் பொறுப்பில்லை.

"டேய்" என்றது அம்மன். "சத்தத்தக் கொறடா. காது வலிக்குது எனக்கு."

ஓடிப்போய்க் குறைத்தேன். முப்பதிலிருந்து எட்டு. கோயில் வந்து சேரும் வரை எட்டுதான். தலைவர் ஆரத்தி காட்டும்போது கார் வழியில் நின்றதால் அதற்கும் ஒரு சுற்று கிடைத்தது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டார்: சத்தம் எட்டுக்கு மேல் போகக் கூடாது, அம்மன் வாக்கு. எட்டுக்கு அந்த இருநூற்றைம்பது ரிங்கிட் ஐயாயிரமே போதும் என்று எனக்குத் தோன்றியது. மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்கா ஹோட்டலிலிருந்து போன் பண்ணினாள். அருள் வந்தவர்களுக்குத் தாங்கள் பேசியது நினைவிருக்காது. கூட இருந்தவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். இருபது வருஷமாக மறுநாள் அவள் கேட்பாள், நான் சொல்வேன். போன வருஷம் மட்டும் அந்தப் போன் வரவில்லை.

"உனக்கு என்னடா சொல்லுச்சு அம்மா?"

"சத்தத்தக் கொறைக்கச் சொல்லுச்சுக்கா. காது வலிக்குதாம்."

அந்தப் பக்கத்தில் ஏதோ ஓர் அறையில் படுக்கை விரிப்பை உதறும் ஓசை கேட்டது.

"சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள் அக்கா. "வழி முழுக்க நான் கும்புட்டு வேண்டிக்கிட்டு வந்தது அதத்தான்."